எட்டு மெக்சிகோ பீர், ஆறு பேர்: எதை முதலில் ஊற்றுவது?

மேசைக்காரன்

குவாதலஹாராவில் வரும் சனிக்கிழமை ஆறு பேர் உட்கார்ந்து மெக்சிகோ பீர்களை ஒப்பிட்டு ருசிப்பதாகத் திட்டம். சும்மா குடிப்பதற்கு அல்ல, வகைக்கு வகை என்ன வித்தியாசம் என்று தெரிந்துகொள்ள. எட்டு வகைக்கு மேல் நாக்கு தாங்காது என்று நினைக்கிறேன். கேள்விகள் இவை.

எந்த எட்டு? கடையில் பார்த்தால் பாதி பாட்டில் ஒரே வெளிர் மஞ்சள் லாகர்தான் (குளிரில் மெதுவாக நொதிக்கவிடும் பீர் வகை). ஆளுக்கு எவ்வளவு ஊற்றுவது, எவ்வளவு குளிர்ச்சியில்? எலுமிச்சையும் உப்பும் மேசையில் வைக்கலாமா? கொரோனா பாட்டிலைத் திறந்தால் சில சமயம் ஒரு கெட்ட வாடை வருகிறதே, அது அந்த பீரின் குணமா, கெட்டுப்போனதா? குழுவில் இரண்டு பேர் சைவம், தொட்டுக்கொள்ள என்ன வைப்பது? கிறிஸ்துமஸ் காலத்துக்கு மட்டும் வரும் நோச்சே புவேனா பீர் கடைக்கு வந்துவிட்டது, அதையும் சேர்க்க ஆசை.

ஹாப்ஸ்கொடி

முதல்ல கடை விஷயம். இங்க பெரிய பீர் எல்லாம் ரெண்டே வீட்டுப் பிள்ளைங்க. கொரோனா, மொடேலோ, விக்டோரியா, பசிஃபிகோ, லியோன், மொந்தேஹோ எல்லாம் குருப்போ மொடேலோ. 2013-ல இருந்து ஏபி இன்பெவ் கையில. தெகாத்தே, கார்ட்டா பிளாங்கா, சோல், இந்தியோ, தோஸ் எக்கிஸ், பொஹீமியா, நோச்சே புவேனா எல்லாம் குவாதேமோக் மொக்தேசுமா. 2010-ல ஹைனெகென் வாங்கினது. முதல் கூட்டத்துக்கு மொடேலோராமா கடைக்குப் போங்க, ரெண்டாவது கூட்டத்துக்குச் சிக்ஸ் கடைக்குப் போங்க. ஒரே கடையில எட்டையும் தேடினா அலைச்சல்தான் மிச்சம்.

எட்டுல வெளிர் லாகருக்கு ரெண்டு இடத்துக்கு மேல கொடுக்காதீங்க. கொரோனா, சோல், தெகாத்தே, கார்ட்டா பிளாங்கா, மொடேலோ எஸ்பெசியால்னு அஞ்சையும் வரிசையா வெச்சா நீங்க வகையை ஒப்பிடலை. எந்த பாட்டில் கடையில எத்தனை நாள் நின்னுச்சு, எது வெயில்ல கிடந்துச்சுங்கறதைத்தான் ஒப்பிடறீங்க. அடிப்படை எல்லாத்துக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்: வெளிர் மால்ட் (முளைகட்டி உலர்த்தின பார்லி), கூடவே மக்காச்சோளமோ அரிசியோ, கசப்பு கம்மி, உடம்பு, அதாவது வாயில தெரியற கனம், லேசு. மெக்சிகோ பீர்ல பேச விஷயம் இருக்கறது செந்நிறத்துலயும் கருப்புலயும்தான். அங்க இடத்தைச் செலவு பண்ணுங்க.

நான் வைக்கிற எட்டு, ஊத்தற வரிசையிலேயே: கொரோனா, பசிஃபிகோ, விக்டோரியா, இந்தியோ, தோஸ் எக்கிஸ் ஆம்பர், மினெர்வா வியேனா, நெக்ரா மொடேலோ, கடைசியா நோச்சே புவேனா. மினெர்வா உங்க ஊர்ப் பக்கம் சப்போப்பான்ல இருக்கற சின்ன ஆலை, அதனால புதுசாவே கிடைக்கும். அதே வியன்னா வகையில, அதாவது செந்நிற லாகர்ல, மால்ட் கனத்தோட ஒண்ணு குடிச்சாத்தான் பெரிய ஆலைங்க எவ்வளவு மெலிய வெச்சிருக்காங்கன்னு புரியும்.

இந்த வரிசைக்குக் காரணம் நிறம் இல்லை. உடம்பும் சாராய அளவும். விக்டோரியா 4 சதவீதம், இந்தியோவும் அதை ஒட்டித்தான், கொரோனா நாலரை, நெக்ரா மொடேலோ அஞ்சே கால் பக்கம், நோச்சே புவேனா ஆறை நெருங்கும். இந்தியோ கருப்பா இருக்கேன்னு கடைசியில தள்ளினா நெக்ராவுக்கு அப்புறம் அது தண்ணியாத் தெரியும். பாவம், அதுக்கு நியாயம் கிடைக்காது.

அளவு: ஆளுக்கு 100 மி.லி. ஆறு பேருக்கு 600. ஒரு வகைக்கு 355 மி.லி. பாட்டில் ரெண்டு வாங்கினா 710. நுரைக்கும் மறுபடி மோந்து பார்க்கவும் மிச்சம் இருக்கும். சில பிராண்ட் 325-ல வரும், அதுவும் ரெண்டு போதும். கஹுவாமான்னு விக்கிற கிட்டத்தட்ட ஒரு லிட்டர் பாட்டில் மலிவுதான், ஆனா ஒரு வகைக்கு அதுல மூணுல ஒரு பங்கு மிஞ்சும், காலி பாட்டில் இல்லாமப் போனா முன்பணமும் கேப்பாங்க. ருசிக்கிற வேலைக்குச் சின்ன பாட்டில்தான் வசதி.

எட்டு வகையும் முடியறப்ப ஆளுக்கு 800 மி.லி. ஆகியிருக்கும், சராசரி நாலரைன்னு வெச்சா சுமார் 28 கிராம் சாராயம். வண்டிச் சாவியை முன்னாடியே வாங்கி வெச்சிடுங்க.

குளிர்ச்சி: இங்க பார்ல "பியென் முயெர்த்தா"ன்னு, அதாவது செத்துப்போன அளவு சில்லுன்னு கேப்பாங்க. வெயிலுக்கு அது சரி, ருசிக்க உதவாது. வெளிர் ரெண்டும் 4 முதல் 6 டிகிரி. விக்டோரியாவுல இருந்து நெக்ரா வரைக்கும் 7 முதல் 10. நோச்சே புவேனா 10 முதல் 12. தெர்மாமீட்டர் இல்லைன்னா: எல்லாத்தையும் ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ்ல வைங்க, செந்நிறத்தை ஊத்தறதுக்குக் கால் மணி முன்னாடி வெளிய எடுங்க, நோச்சே புவேனாவை அரை மணி முன்னாடி. ஃப்ரீஸர்ல வெச்சு மறந்தா உறைஞ்சு வெடிக்கும். வெடிக்காட்டியும் கலங்கிப் போகும். அவசரம்னா ஐஸும் தண்ணியும் கலந்த வாளியில கழுத்து வரைக்கும் முக்குங்க, இருபது நிமிஷம். வெறும் ஐஸ்கட்டியில வெச்சா பாட்டிலை முழுசா தொடாது, நேரம் பிடிக்கும்.

ஓரிசாபா_ரயில்

மேலே சொன்ன பட்டியல் நன்று. வகைப்பெயர் பற்றி மட்டும் ஒரு குறிப்பு, இல்லையென்றால் சனிக்கிழமை அதிலேயே சண்டை வரும்.

வியன்னா லாகர் என்பது 1841-ல் வியன்னாவை அடுத்த ஷ்வேஷாட்டில் அன்டோன் டிரெஹர் கொண்டுவந்தது. அது மெக்சிகோவில் நிலைத்ததற்கு ஆஸ்திரியாவிலிருந்து வந்து இங்கே ஆண்ட மாக்சிமிலியன் பேரரசர்தான் காரணம் என்று எல்லாப் பட்டியல்களிலும் எழுதுகிறார்கள். கதை அழகாக இருக்கிறது, கணக்கு உதைக்கிறது. அவர் ஆண்டது 1864 முதல் 1867 வரை, மூன்றே வருடம். லாகருக்குக் குளிரான பாதாள அறையும் பனிக்கட்டியும் வேண்டும். தொலூக்காவில் இருந்த ஆலையை 1875-ல் வாங்கிய சுவிட்சர்லாந்துக்காரர் சந்தியாகோ கிராஃப் பனிக்கட்டி இயந்திரம் இறக்கி லாகர் காய்ச்சிய பிறகுதான் இந்த வகை இங்கே வேர் பிடித்தது. ரயில் பாதை வந்ததும் மால்ட்டும் இயந்திரமும் வருவது எளிதாயிற்று. இன்றைய விக்டோரியா அந்தத் தொலூக்கா ஆலையின் வாரிசு. அதனால்தான் அதன் பெயரோடு 1865 என்ற ஆண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோஸ் எக்கிஸ் வேறு வழி: வெராகுரூஸ் மாநிலம் ஓரிசாபாவில் வில்ஹெல்ம் ஹாஸே 1897-ல் தொடங்கியது. வரப்போகும் இருபதாம் நூற்றாண்டைக் கொண்டாடும் பெயர். இரண்டு எக்ஸ் என்றால் ரோமன் எண்ணில் இருபது.

நெக்ரா மொடேலோ வியன்னாவா? ஆலைக்காரர்கள் மியூனிக் வகை என்கிறார்கள், பல பீர் எழுத்தாளர்கள் வியன்னாவில் சேர்க்கிறார்கள். பெயரில் கருப்பு இருந்தாலும் வெளிச்சத்தில் பிடித்தால் செம்பழுப்புதான். மியூனிக் பக்கம் வைப்பது சரி என்பது என் கட்சி. வியன்னா என்றால் வறுத்த ரொட்டி ஓரத்தின் மணம் வந்து, முடிவு உலர்வாக இருக்க வேண்டும். நெக்ராவில் ரொட்டியின் பொறுக்கும் லேசான இனிப்பும் தொண்டை வரை வருகின்றன.

நுரைமூக்கு

கொரோனா வாடை பற்றி யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் நான்.

அது அந்த பீரின் குணம் அல்ல, வெளிச்சம் பட்டதன் விளைவு. பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் என்ற கொடிப்பூவில் இருந்து வரும் கசப்புப் பொருள் நீல ஒளியிலும் புற ஊதா ஒளியிலும் உடைகிறது. பீரிலேயே இருக்கும் ரைபோஃபிளேவின் (பி2 வைட்டமின்) அதற்குத் துணை போகிறது. உடைந்த துண்டு கந்தகத்தோடு சேர்ந்து தையால் என்ற நாற்றப் பொருளாக மாறுகிறது. ஒரு லிட்டரில் நானோகிராம் கணக்கில் இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். அமெரிக்காவில் ஸ்கங்க் என்ற விலங்கின் பெயரைச் சொல்லி இதைக் குறிப்பிடுவார்கள். நம் மூக்குக்குச் சொன்னால், பெருங்காய டப்பாவுக்குள் கருகின ரப்பர் வைத்த மாதிரி. மரநாய் வாடை என்று சிலர் மொழிபெயர்க்கிறார்கள், அது தப்பு. நம்மூர் மரநாய் கிட்டத்தட்ட வெந்த அரிசி வாசம் அடிக்கும்.

பழுப்புக் கண்ணாடி இந்த ஒளியைப் பெரும்பாலும் தடுக்கும். பச்சை அரைகுறை. தெளிந்த கண்ணாடி கிட்டத்தட்ட எதையும் தடுக்காது. உங்கள் பட்டியலில் மாட்டுவது கொரோனா மட்டும்தான். சோல், மொடேலோ எஸ்பெசியால் சேர்த்தால் அவையும். தோஸ் எக்கிஸில் ஆம்பர் பழுப்பு பாட்டிலில் வரும், வெளிர் லாகர் பச்சையில் வரும். இரண்டும் வேறு வேறு பீர், எடுக்கும்போது மாற்றி எடுத்துவிடாதீர்கள். கொரோனாவுக்கு டின் வாங்குங்கள், அல்லது மூடிய அட்டைப்பெட்டியின் நடுவில் இருந்து பாட்டில் எடுங்கள். கடை ஃபிரிட்ஜின் முன்வரிசையில் குழல் விளக்குக்கு நேரே நிற்கும் பாட்டில் வேண்டவே வேண்டாம்.

விருப்பம் இருந்தால் இதையே ஒரு சோதனையாக வைக்கலாம். ஒரே பெட்டியில் இருந்து இரண்டு கொரோனா பாட்டில். ஒன்றை அலுமினியத் தாளில் முழுக்கச் சுற்றி, மற்றதைச் சுற்றாமல், இரண்டையும் ஒன்றாக அரை மணி வெயிலில் வையுங்கள். சுற்றினதையும் வெயிலில் வைக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். அதை நிழலில் விட்டால் வித்தியாசம் ஒளியால் வந்ததா சூட்டால் வந்ததா என்று சொல்ல முடியாது. பிறகு இரண்டையும் ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில். சனிக்கிழமை கடைசியில் ஆளுக்கு 50 மி.லி. ஊற்றி மோந்தால் போதும். முதலில் ஊற்றினால் அந்த வாடை மூக்கில் தங்கி மற்றதைக் கெடுக்கும்.

இன்னொரு தவறான தீர்ப்பையும் தவிர்க்கப் பாருங்கள். வெளிர் லாகரில் வேகவைத்த சோளக்கதிர் மணம் வந்தால் உடனே "மக்காச்சோளம் போட்டிருக்கிறான்" என்பார்கள். அந்த மணம் டைமெத்தில் சல்ஃபைடு. வெளிர் பார்லி மால்ட்டில் இருக்கும் ஒரு பொருளில் இருந்து வருவது. கொதி போதாமலோ மெதுவாகக் குளிர்ந்தாலோ தங்கிவிடும். சோளமே சேராத பீரிலும் வரும். சோளம் சேர்த்ததன் அடையாளம் வாயில்தான்: உடம்பு மெலிந்து, நடுநாக்கில் ஒரு சின்ன இனிப்பு, சட்டென்று முடிவு. நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் பாட்டில் பழசு. பாப்கார்ன் வெண்ணெய் வந்தால் நொதிப்பு சரியாக முடியவில்லை. பச்சை ஆப்பிள் வந்தாலும் அப்படித்தான். சிறு ஆலை பாட்டில்களில் கடைசி இரண்டும் பெரிய ஆலைகளைவிட அடிக்கடி மாட்டும்.

தம்ளர் கண்ணாடியாக இருக்கட்டும், எண்ணெய்ப் பசை இல்லாமல். ஈரத் தம்ளரின் உட்புறம் உப்பைத் தூவிப் பாருங்கள். ஒரே சீராக ஒட்டினால் சுத்தம், திட்டுத் திட்டாக விழுந்தால் மறுபடி கழுவுங்கள். பசை இருந்தால் நுரை நிற்காது, நீங்கள் பீரைக் குறை சொல்வீர்கள்.

மேசைக்காரன்

@நுரைமூக்கு நன்றி அக்கா, டின்னே வாங்கிவிடுகிறேன். வெயில் சோதனையும் உண்டு.

@ஹாப்ஸ்கொடி அண்ணே, விக்டோரியாவும் இந்தியோவும் அடுத்தடுத்து வருகிறதே. ஒன்று தேன் நிறம், ஒன்று கருஞ்சிவப்பு. ஊற்றினதுமே எல்லோரும் இந்தியோவைத்தான் "கனமான பீர்" என்று எழுதப்போகிறார்கள். அதை எப்படித் தடுப்பது?

ஹாப்ஸ்கொடி

தடுக்க வேணாம் தம்பி, அதையே பிடிச்சுக்கோங்க. இந்த ரெண்டையும் கண்ணாடித் தம்ளர்ல ஊத்தாதீங்க, எவர்சில்வர் தம்ளர்ல ஊத்துங்க. நம்ம வீட்டுல அதுக்கா பஞ்சம்! மேல நுரையை வாயால ஊதித் தள்ளிட்டுக் குடிங்க, நிறம் சரியாத் தெரியாது. விளக்கையும் கொஞ்சம் குறைச்சுக்கோங்க.

அதுலயே முக்கோணச் சோதனை வைக்கலாம். ஆளுக்கு மூணு தம்ளர், தம்ளருக்கு 50 மி.லி. ரெண்டுல ஒரே பீர், ஒண்ணுல வேற. "எது வேற?"ன்னு மட்டும் கேளுங்க, எது பிடிச்சதுன்னு கேக்காதீங்க. மூணு பேருக்கு ரெண்டு விக்டோரியா ஒரு இந்தியோ, மூணு பேருக்கு மாத்தி. வேறயா இருக்கற தம்ளரோட இடத்தையும் ஆளுக்கு ஆள் மாத்துங்க. ஊத்தறவர் ஒருத்தர் தனியா அடுப்படியில நிக்கணும், அவர் சோதனையில கிடையாது. அதனால ஏழாவதா ஒரு ஆளைப் பிடிங்க.

ஆறு பேர்ல நாலு பேர் சரியாச் சொன்னா துள்ளாதீங்க. கண்ணை மூடிட்டு அடிச்சாலும் நாலோ அதுக்கு மேலயோ வர வாய்ப்பு பத்துல ஒண்ணு இருக்கு. அஞ்சு பேர் சரியாச் சொன்னா அந்த வாய்ப்பு நூத்துல ரெண்டுக்கும் கீழ; அப்ப நம்பலாம். இதுக்கு ஒரு பீருக்கு 450 மி.லி. ஆகும், வரிசைக்குன்னு வாங்கற தலா ரெண்டு பாட்டிலே போதும். அன்னிக்கு இந்தச் சோதனையை வெச்சா அந்த ரெண்டையும் வரிசையில இருந்து எடுத்துடுங்க, இல்லைன்னா நெக்ரா வர்றதுக்குள்ள நாக்கு மரத்துடும்.

என் பந்தயம்: வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பாங்க, ஆனா எது கருப்புன்னு கேட்டா குழம்புவாங்க.

எலுமிச்சங்கா

எலுமிச்சை பத்தி நான் சொல்றேன், பேரே அதுதானே.

இங்க லிமோன்னு விக்கிறது நம்ம நாட்டு எலுமிச்சை இனம்தான்: சின்னது, தோல் மெல்லிசு, புளிப்பு ஜாஸ்தி. ருசிக்கிற மேசைக்கு அதைக் கொண்டுவராதீங்க. தோல் எண்ணெய் நுரையை அடக்கும், புளிப்பு கசப்பை மறைக்கும், அந்த மணம் வெயில் பட்ட வாடையையும் மூடிடும். உப்பு விழுந்தா அடைச்சிருந்த வாயு குபுக்குனு நுரையா வெளியேறிப் பீர் சப்புனு ஆகும். எட்டும் முடிஞ்ச பிறகு மிச்சம் இருக்கற வெளிர் லாகரை வெச்சுச் செலாடா பண்ணுங்க. 355 மி.லி. பீருக்கு 30 மி.லி. சாறு, தம்ளர் விளிம்புல உப்பு, ஐஸ். சாறை முதல்ல ஊத்தி, பீரைத் தம்ளர் ஓரமாச் சரிச்சு ஊத்தணும்; மாத்திப் பண்ணினா பொங்கி வழியும். குவாதலஹாரா 1,500 மீட்டர் உயரத்துல இருக்கு, காத்தழுத்தம் கம்மி, அதனால நுரை இன்னும் சுறுசுறுப்பு.

மிச்செலாடான்னா அதோட வூஸ்டர்ஷயர் சாஸ் ஒரு தேக்கரண்டி, மாகி திரவம் சில சொட்டு, வாலென்டினா மாதிரி மிளகாய்ச் சாஸ் ருசிக்கு. ஊருக்கு ஊர் பேர் மாறும். ஒரு ஊர்ல மிச்செலாடா கேட்டா இன்னொரு ஊர் செலாடா வரும். சைவக்காரங்களுக்கு ரெண்டு எச்சரிக்கை. கிளமாத்தோன்னு தக்காளிச் சாறு மாதிரி சேர்ப்பாங்க, அதுல மட்டிச் சாறு இருக்கு. வூஸ்டர்ஷயர் சாஸ்ல நெத்திலி வகை மீன் சேர்க்கறது வழக்கம். லேபிளைப் படிச்சுட்டு ஊத்துங்க. ரெண்டும் இல்லாம எலுமிச்சை, உப்பு, மிளகாய்ச் சாஸ் மட்டும் போட்டாலும் நல்லாத்தான் இருக்கும்.

நோச்சே புவேனால மட்டும் எலுமிச்சை பிழிஞ்சுடாதீங்க சாமி.

நுரைமூக்கு

தொட்டுக்கொள்ள: ருசிக்கும் நேரத்தில் உப்பில்லாத பிஸ்கட்டோ வெறும் பொலீயோ ரொட்டியோ, கூடச் சில்லென்று இல்லாத தண்ணீர். குவாதலஹாராவில் ரொட்டி என்று கேட்டால் பிரோத்தே சலாதோவைக் கொடுப்பார்கள். அது உப்பு, மேலே புளிப்பு வேறு. தோர்த்தா அஹோகாதா என்ற சாஸில் முக்கின சாண்ட்விச்சுக்கு அதை மிஞ்ச ஆளில்லை, இந்த மேசைக்கு ஆகாது. மிளகாய் தடவின சிப்ஸ், ஊறுகாய் ஹலபேன்யோ எல்லாம் பிறகு.

எட்டாவது தம்ளருக்கு மட்டும் விதிவிலக்கு கொடுப்பேன். நோச்சே புவேனா போக் வகை, அதாவது மால்ட் தூக்கலான கனமான லாகர். கருகாத சர்க்கரைப்பாகு, உலர்ந்த பழம், முடிவில் மிதமான கசப்பு. இங்கே பிலோன்சியோ என்று கூம்பு கூம்பாக விற்பது நம் நாட்டு வெல்லமேதான். அதில் ஒரு சிறு துண்டும் வறுத்த வேர்க்கடலையும் பக்கத்தில் வையுங்கள். முதலில் பீர் தனியாக இரண்டு மிடறு, பிறகு வெல்லத்தோடு ஒரு மிடறு. வெல்லத்துக்குப் பின் பீரின் இனிப்பு ஒதுங்கி ஹாப்ஸ் கசப்பு மேலே வரும்.

மேசைக்காரன்

எழுதிக்கொண்டேன். கடைசிக் கேள்வி: டெக்சாஸிலிருந்து ஒரு நண்பர் நெக்ரா மொடேலோ கொண்டு வருகிறார். இங்கே வாங்கினதோடு கலந்து ஊற்றலாமா?

ஓரிசாபா_ரயில்

கலக்க வேண்டாம். அமெரிக்காவில் மொடேலோ பிராண்டுகளின் உரிமை 2013 முதல் கான்ஸ்டலேஷன் என்ற அமெரிக்கக் கம்பெனி கையில். அவர்களுக்கும் மெக்சிகோவிலேயே, கோவாவீலா மாநிலம் நாவாவில் பெரிய ஆலை இருக்கிறது. பீர் இங்கிருந்துதான் போகிறது, ஆனால் காய்ச்சுகிற கம்பெனி வேறு. லேபிளில் சாராய அளவும் சற்று வேறுபடலாம். எல்லை தாண்டிப் போய்த் திரும்பி வந்த பாட்டிலின் வயது என்னவென்று முதலில் பாருங்கள். இரண்டிலும் தேதி நெருக்கமாக இருந்தால் முக்கோணச் சோதனையை விக்டோரியா–இந்தியோவுக்குப் பதில் இந்த இரண்டு நெக்ராக்களுக்கு வையுங்கள். தேதியில் பல மாத இடைவெளி இருந்தால் நண்பரின் பாட்டிலைச் சமையலுக்கு விடுங்கள்.